அவிழ்ந்து போன தீவு

கிளாத்தித் தீவைக் கயிற்றில் கட்டிப்போட்டிருந்த காலத்தில், வள்ளங்களுக்கு இன்னும் மோட்டார் வந்து சேராமல் பாயும் துடுப்பும் மட்டுமே கடலோடு பேசிக்கொண்டிருந்த காலத்தில், ஒரு கோடை விடுமுறைக்கு நாங்கள் கோவில்பட்டியிலிருந்து கூடாரத்தைத் தூக்கிக்கொண்டு அங்கே போயிருந்தோம். நாங்கள் என்றால் நான், என் மனைவி ரஞ்சிதம், அவளுடைய அண்ணன் குருவையா. கூடாரம் குருவையா மச்சானுடையது. பட்டாளத்துச் சமையற்கட்டில் பல வருடம் பருப்புக் கடைந்துவிட்டு ஊர் திரும்பியபோது, மற்றவர்கள் டிரங்குப் பெட்டியும் ரம் பாட்டிலும் கொண்டுவர, அவர் மட்டும் ஏலத்தில் எடுத்த ஒரு பச்சைக் கூடாரத்தோடு ரயிலைவிட்டு இறங்கினார். "இமயமலையில பனி கொட்டுறப்பவே உள்ள ஒரு சொட்டு இறங்காது மாப்ளே" என்பார். கோவில்பட்டியில் பனிக்கு எங்கே போவது, மழைக்கே ஆளனுப்ப வேண்டிய ஊர் அது; ஆகவே கூடாரத்தின் அருமையைக் காட்ட ஈரமான ஓர் இடத்தைத் தேடித் தேடி, கடைசியில் நாலா பக்கமும் தண்ணீர் இருக்கிற இடமாகப் பார்த்து எங்களைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

வள்ளங்கள் அணையும் கல்மேடையான ஜெட்டிக்குப் பக்கத்தில் ஒரு பூவரசு நின்றது. அதனடியில் கூடாரம் அடித்தோம். வாசல் துணியைத் தூக்கினால் துறைமுகம். துறைமுகம் என்றதும் கிரேனையும் கப்பலையும் நினைக்க வேண்டாம். தீவு தன் வயிற்றைச் சற்றே உள்ளே இழுத்துக்கொண்டது போல ஒரு வளைவு, அந்த வளைவை ஒட்டி வரிசையாக வள்ளங்கள், தொழுவத்து மாடுகள் மாதிரி ஒவ்வொன்றுக்கும் அதற்கென்று ஓர் இடம், ஒன்றின் இடத்தில் இன்னொன்றைக் கட்டினால் இரண்டும் இரவெல்லாம் முட்டிக்கொள்ளும் என்று சொல்வார்கள். விடிந்ததும் நனைந்த பாய்களை மணலில் விரிப்பார்கள், பெண்கள் அதன் ஓரமாக உட்கார்ந்து மீன் அரிந்தபடியே ஊர் நியாயத்தையும் அரிவார்கள், பலகை இடுக்குகளில் பூசக் கீல், அதாவது தார், காய்ச்சும் வாசனையும், சுறா எண்ணெய் வாசனையும், ஜெட்டித் தலைப்பில் கித்தேரியம்மாள் அவிக்கும் குழாய்ப் புட்டின் வாசனையும் ஒன்றையொன்று இடித்துத் தள்ளிக்கொண்டு எங்கள் கூடாரத்துக்குள் வரும். எது முதலில் வருகிறது என்பதை வைத்துக் காற்று எந்தப் பக்கம் என்று சொல்ல ரஞ்சிதம் பழகிக்கொண்டாள். இன்றைக்கும் தெருமுனையில் ரோட்டுக்குத் தார் காய்ச்சினால் எனக்குப் புட்டு தின்னப் பசிக்கிறது. டாக்டரிடம் சொன்னேன், இது வயதுக் கோளாறு என்று எழுதிக் கொடுத்தார்.

கித்தேரியம்மாள் கூப்பிட்டால் கடலில் போகிற வள்ளம் நின்று திரும்பிப் பார்க்கும், அப்படியொரு குரல். அவள் புருஷன் தொபியாஸ் பேசமாட்டான். பேச வேண்டியதையெல்லாம் அவளே பேசி முடித்துவிடுவதால் அவன் பங்குக்கு மிச்சம் எதுவும் இருப்பதில்லை. ஆனால் வீம்பில் இரண்டு பேரும் சரிசமம். அந்த வாரம் எதிர்க்கரையில், மணக்காட்டுத்துறை என்ற ஊரில், அவள் தம்பிக்குக் கல்யாணம். தொபியாஸ் தன் வள்ளத்தில் இரண்டு நாள் முன்னதாகவே கூட்டிப்போவதாகப் பேச்சு. அவள் அரக்குப் பட்டுச் சேலை கட்டி, தலை நிறையப் பிச்சிப்பூ வைத்து ஜெட்டிக்கு வந்தால், கடலில் சீலா மீன் கூட்டம் கூட்டமாக இறங்கியிருக்கிறது என்று தீவின் ஆண்பிள்ளைகள் அத்தனை பேரும் தங்கு கடலுக்கு, அதாவது மீன் இருக்கிற இடத்திலேயே நங்கூரம் போட்டுத் தங்கிப் பிடித்து வருவதற்கு, பாய் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். தொபியாசும் ஏற்றிக்கொண்டிருந்தான்.

"ஏய், கல்யாணத்துக்குப் போகணுமில்லா?"

"சீலா வந்திருக்கு."

"எந்தம்பி கல்யாணம்!"

"தம்பி நாளைக்கும் இருப்பான். சீலா இருக்காது."

அவன் ஒரு வாரத்தில் பேசுவது அவ்வளவுதான், அதையும் அன்றைக்கென்று பார்த்துப் பேசிவிட்டான். கித்தேரியம்மாள் புட்டுக்குழாயைத் தூக்கி எறிந்தாள், அது வள்ளத்தின் முகப்பில் பட்டுக் கடலில் விழுந்தது. "போ! நல்லாப் போ! போனவன் திரும்பி இந்தக் கரையில கால வச்சே, நான் கித்தேரி இல்ல. இந்தக் கரை இனிமே உனக்குக் கிடையாது, கேட்டியா?"

"சரி" என்றான் தொபியாஸ். வள்ளம் போய்விட்டது.

அன்று சாயங்காலம் துறை வெறிச்சோடிக் கிடந்தது. கட்டுக்கயிறுகளையெல்லாம் வள்ளங்கள் எடுத்துக்கொண்டு போய்விட, ஒரே ஒரு வடம் மட்டும் பூவரசில் கட்டியபடி தண்ணீருக்குள் இறங்கிப் போயிருந்தது; ஆள் தொடைப் பருமன், வருஷா வருஷம் கோயில் திருவிழாவில் சுறா எண்ணெய் பூசிப் பூசிக் கறுத்துப் பளபளத்தது. அதன் நுனியில் வள்ளம் எதையும் காணோம். குருவையா மச்சான் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். கரிசல்காட்டில் பிறந்தவனுக்குத் தண்ணீருக்குள் இறங்கிப் போகிற கயிறு என்றால் ஒரே ஓர் அர்த்தம்தான், நுனியில் வாளி இருக்கும். எங்கள் ஊரில் கிணற்றடியில் வாளி தவறி விழுந்தால் வழியில் போகிறவன்கூட நின்று பாதாளக்கரண்டி போட்டு எடுத்துக் கொடுத்துவிட்டுத்தான் போவான், அது மரியாதை. "பாவம், யாரோ அவசரத்துல வாளிய விட்டுட்டுப் போயிட்டாக" என்று மச்சான் வேட்டியை மடித்துக் கட்டினார், வாகாகப் பிடித்து இழுப்பதற்காகப் பட்டாளத்தில் கற்ற வித்தையையெல்லாம் காட்டி முடிச்சை அவிழ்த்தார், மரத்தில் காலை ஊன்றி மூச்சைப் பிடித்து இழுத்தார். வடம் ஒரு சாண் வந்தது; பிறகு பதிலுக்கு அதுவும் இழுத்தது; பிறகு சாரைப்பாம்பு மாதிரி அவர் கையைவிட்டு வழுக்கித் தண்ணீருக்குள் போய்விட்டது.

"பெரிய வாளி போலிருக்கு மாப்ளே" என்றார். கையைக் கழுவிவிட்டு வந்து படுத்தார்.

மறுநாள் காலையில் சூரியன் கூடாரத்தின் முதுகுப் பக்கமாக வந்தது. "என்னங்க, ராத்திரி கூடாரத்தத் திருப்பி அடிச்சீங்களா?" என்று கேட்டபடி ரஞ்சிதம் துணியைத் தூக்கினாள். ஜெட்டியின் கற்கள் தண்ணீரைக் கிழித்துக்கொண்டிருந்தன, இரண்டு பக்கமும் நுரை ஓடியது, எதிர்க்கரையின் உப்பளங்கள் மெதுவாக இடமிருந்து வலமாக நடந்து போய்க்கொண்டிருந்தன. தீவு கிளம்பிவிட்டிருந்தது.

உபதேசியார் இஞ்ஞாசி வந்தார். பாதிரியார் திருவிழாவுக்கு மட்டும் எட்டிப் பார்க்கிற அந்தத் தீவில் ஜெபம் சொல்வது, மணியடிப்பது, சண்டை விலக்குவது எல்லாம் அந்தக் கிழவர்தான். பூவரசில் வடம் கிடந்த இடத்தில் பட்டை தேய்ந்து வழவழவென்றிருந்ததைத் தடவிப் பார்த்தார். பிறகு குருவையா மச்சானின் கறுத்த உள்ளங்கைகளைப் பார்த்தார். விருந்தாளியைக் கோபித்துப் பழக்கமில்லாத ஊர்.

"வடத்த அவுத்தது நீங்களா அண்ணாச்சி?"

"வாளிய எடுத்துக் குடுப்போம்னு..."

"என்ன வாளி?"

மச்சான் விளக்கினார். உபதேசியார் பொறுமையாகக் கேட்டார். "அது தீவக் கட்டுன வடம்லா. அடியில பாறையில இருக்கு மறுமுனை. ஏன், உங்க ஊரக் கட்டிப் போடலியா?"

"எங்க ஊரு தரையில இருக்கு."

"அப்பக் காத்தடிச்சா?"

"புழுதி பறக்கும்."

கிழவர் எங்கள் மூன்று பேரையும் பரிதாபமாகப் பார்த்தார். "கட்டாத ஊருல எப்படித்தான் கண்ணசந்து தூங்குறீகளோ!"

அதற்குள் கித்தேரியம்மாள் அதே பட்டுச் சேலையில் வந்து நடுவே நின்றாள். பூ வாடியிருந்தது. "அவர ஏன் வே கேக்கீரு? அவரு வெறும் கயித்த அவுத்தாரு. இந்தக் கரை உனக்குக் கிடையாதுன்னு எம் புருஷன்ட்ட சொன்னது நானு. கரை கேட்டுக்கிட்டுல்லா இருந்திருக்கு!"

மச்சானுக்கு அது பொறுக்கவில்லை. "இல்லம்மா, நாந்தான்..."

"சும்மா இரும் அண்ணாச்சி! எம் பேச்சுக்குப் போன தீவு. நீரு அதுல பேரு வாங்கப் பாக்காதீரு." சொல்லிவிட்டுக் கடல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பிறகு யாரைப் பார்த்தும் இல்லாமல் சொன்னாள். "மத்தவன்லாம் கரையக் காணலைன்னா எதிர்க்கரைக்குப் போயிருவான். எம் ஆளு போகமாட்டான். வீம்புக்கு ஆழத்துல போயித் தேடுவான். வள்ளத்துல ஒரு குடம் தண்ணிதான் இருக்கு."

ஆனால் கவலைக்காக ஊர் வேலை செய்யாமல் இருக்க முடியுமா? மத்தியானத்துக்குள் தீவு போகிற ஊராக இருக்கப் பழகிவிட்டது. பெண்கள் பானைகளைக் கயிற்றில் கட்டி ஓரத்தில் தொங்கவிட்டார்கள், தீவு போகிற வேகத்தில் பானைகள் தாமாகவே கழுவிக்கொண்டன. துணி அலசுவதும் அப்படியே. முன்பக்கம் வந்துவிட்ட தெருக்காரர்களுக்குத் தலைக்கனம் ஏறியது, "நாங்க பாத்து முடிச்சப்புறந்தான் உங்களுக்குக் கடல் வரும்" என்று பின்பக்கத் தெருவைப் பார்த்துச் சொன்னார்கள், பின்பக்கத்துக்காரிகள் "ஆமா, முட்டுனா முதல்ல உங்க மூஞ்சிதான்" என்று திருப்பிக் கொடுத்தார்கள். ஆடுகள் காற்றுக்கு முகம் காட்டி வரிசையாக நின்று, எங்கோ முக்கியமான இடத்துக்குப் போகிற பயணிகள் போல அசைபோட்டன. தூரத்தில் போன ஒரு சரக்குக் கப்பல் எங்களைக் கண்டு ஒதுங்கி வழிவிட்டு, நீளமாக ஒரு தடவை ஊதியது. உபதேசியார் கோயில் மணியை அடித்துப் பதில் மரியாதை செய்தார். தபால் தோணிக்காரர்தான் பாவம், துடுப்புப் போட்டுப் பின்னாலேயே துரத்தி வந்தார்.

"ஏ, நில்லுங்கய்யா! கிளாத்தித் தீவுக்குத் தபால் இருக்கு!"

"தூக்கி எறிஞ்சிட்டுப் போரும்!"

"விலாசத்துக்கு வந்துதான் குடுக்கணும், சட்டம்!"

"விலாசமே போய்க்கிட்டிருக்கு, நீரும் வாரும்!"

கட்டிப்போட்ட தீவில் வரும் தூக்கம் வேறு, போகிற தீவில் வரும் தூக்கம் வேறு. பூமியே தொட்டிலாகி, மெல்ல ஏறி மெல்ல இறங்க, கூடாரத்துத் துணி மூச்சு விடுவது போல உப்பிச் சுருங்க, பக்கத்தில் ரஞ்சிதம் சின்னப் பெண் போல வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருக்க, நான் அப்படியொரு தூக்கத்தை அதற்கு முன்பும் தூங்கியதில்லை, பின்பும் தூங்கியதில்லை. ஆனால் எப்போது விழித்துப் பார்த்தாலும் ஜெட்டித் தலைப்பில் அந்தப் பட்டுச் சேலை தெரியும். "மாத்திக்கிடேன் கித்தேரி" என்று ரஞ்சிதம் சொல்லிப் பார்த்தாள். "கல்யாணத்துக்குன்னு கட்டுனது மதினி. கல்யாணத்துக்கே போகலியே, எப்படி அவுக்குறது?"

அதைத் தீவு கேட்டதோ, அல்லது கொண்டல் என்கிற கீழ்காற்று அந்தப் பக்கமாகத்தான் வீசியதோ, அடுத்த நாளில் நாங்கள் நேராக மணக்காட்டுத்துறையில் போய் நின்றோம். கோயிலில் இருந்து மாப்பிள்ளையும் பெண்ணும் வெளியே வருகிற நேரம். பேண்டு வாசித்தவர்கள் வாயிலிருந்து குழலை எடுத்துவிட்டுப் பார்த்தார்கள். துறைக் காவலர் ஒருவர் தொப்பியைப் பிடித்தபடி ஓடி வந்தார். "இங்க தீவு நிறுத்த அனுமதி கிடையாது! எத்தன டன்னு இது?"

"கோயிலோட சேத்தா, சேக்காமலா?" என்று கேட்டார் உபதேசியார்.

அவர்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே கித்தேரியம்மாள் ஜெட்டியிலிருந்து எதிர்க்கரையில் குதித்துவிட்டாள். மாலையும் கழுத்துமாக அவள் தம்பி ஓடி வந்தான். "யக்கா! நீ வரமாட்டேன்னு நினைச்சேன், ஊரையே கூட்டிக்கிட்டுல்லா வந்துட்ட!" சிரித்தபடி அவளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தான். "அத்தான் எங்க?"

கித்தேரியம்மாள் மணமக்கள் நெற்றியில் சிலுவை வரைந்தாள். பந்தியில் முதல் வரிசையில் உட்காரவைத்தார்கள், நாங்களும் வரிசையில் உட்கார்ந்தோம், இலை விழுந்தது. பக்கத்தில் ஒருவர் டம்ளரில் தண்ணீர் ஊற்றினார், அது வழிந்தது, இலையெல்லாம் ஓடியது, ஊற்றியவர் சிரித்துக்கொண்டே மேலும் ஊற்றினார். வழிகிற தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்த கித்தேரியம்மாள், சோறு விழுவதற்கு முன் எழுந்துவிட்டாள். கரிசல்காட்டில் தண்ணீருக்காக எழுந்து போகிறவளை யாரும் ஏன் என்று கேட்பதில்லை, ரஞ்சிதமும் எழுந்தாள். பிரியாணியைப் பார்த்துவிட்டு நானும் மச்சானும் சற்றுத் தாமதமாக எழுந்தோம், அது வேறு விஷயம்.

தீவுக்குத் திரும்பியதும் அவள் நேராகக் கூடாரத்துக்கு வந்தாள். துணியைக் கையில் பிடித்துத் தேய்த்துப் பார்த்தாள்.

"அண்ணாச்சி, இது காத்தப் பிடிக்குமா?"

"இமயமலையில..." என்று ஆரம்பித்தார் மச்சான். ஆரம்பித்தவர் நிறுத்திக்கொண்டார். கூடாரத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார், முளைகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கினார், சமையல் கத்தியை எடுத்து, யாரும் உதவிக்கு வரவேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டு, தையலைத் தானே பிரித்தார். பேரப்பிள்ளைக்கு முதல் முடி இறக்குகிறவர் மாதிரி அவ்வளவு பதமாகப் பிரித்தார். "பனியத் தாங்குனது, காத்தையா தாங்காது?" என்று மட்டும் கடைசியில் சொன்னார்.

கூடாரம் போதவில்லை. வீட்டுக்கு வீடு சேலைகள் வந்தன, கட்டுச்சேலை, கொடிச்சேலை, பெட்டியின் அடியில் பாச்சை உருண்டையோடு கிடந்த சேலை, எல்லாவற்றையும் வலை பின்னும் ஊசியால் பெண்கள் தைத்துச் சேர்த்தார்கள். கித்தேரியம்மாள் வீட்டுக்குள் போய்ப் பழைய நூல் சேலை கட்டிக்கொண்டு வந்து, பட்டைக் கொடுத்தாள். "கல்யாணந்தான் முடிஞ்சிருச்சே." அது பாயின் உச்சியில் போனது. கோயில் கொடிமரத்தில் பாயை ஏற்ற வேண்டும் என்றபோது உபதேசியார் கொஞ்சம் இழுத்தார். "கொடிமரத்துல கொடிதான ஏறணும்?"

"இதுவுங் கொடிதான் வே. கொஞ்சம் பெரிய கொடி."

கச்சான் என்கிற மேல்காற்று எழுந்தது. பாய் புடைத்தது. தீவு ஒரு தடவை முனகிவிட்டுக் கரையை விட்டு நகர்ந்தது, துறைக் காவலர் தொப்பியைக் கழற்றி வீசி வீசி வழியனுப்பினார். பாய் இருந்தாலும் சுக்கான் இல்லையே. அதற்கும் வழி கண்டார்கள். உபதேசியார் மணியை ஒருதரம் அடித்தால் ஊரே கிழக்குப் பக்கம் நடக்க வேண்டும், அந்தப் பக்கம் பாரத்தில் சற்றே தாழ்ந்து தீவு அங்கே திரும்பும். விட்டு விட்டு அடித்தால் மேற்குப் பக்கம். அடுப்பில் உலை கொதிக்கும்போது மணி அடிக்கும், அகப்பையோடு நடப்பார்கள்; ஜெபத்தின் நடுவில் அடிக்கும், ஜெபமாலையோடு நடப்பார்கள்; வயதானவர்களை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு நடப்பார்கள். ஆடுகள் மட்டும் தமக்குத் தோன்றியபோது நடந்தன. கூடாரமில்லாத நாங்கள் ஆட்டுக்கொட்டகையில் முகாம் போட்டிருந்ததால் அவற்றைத் திருத்துகிற பொறுப்பு எங்கள் தலையில் விழுந்தது. பட்டாளத்து இந்தியில் மச்சான் அவற்றுக்குக் கட்டளையிட்டதை இப்போது நினைத்தாலும் எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

பிற்பாடு நடந்ததை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன், கடைசியில் சொல்வதற்கு வேறொன்று இருக்கிறது. நாங்கள் கூடாரம் இல்லாமல் ஊர் திரும்பினோம். மச்சான் அதற்குப் பிறகு எந்தக் கிணற்றிலும் கயிற்றைத் தொடுமுன் நாலு பேரைக் கேட்டுக்கொண்டார். ரஞ்சிதம் இருந்தவரையில், காலையில் எழுந்ததும் வெயில் எந்தச் சன்னலில் வருகிறது என்று பார்த்துவிட்டுத்தான் அடுப்பைப் பற்றவைப்பாள்; அதே சன்னல் என்றால் முகத்தில் ஒரு சின்ன ஏமாற்றம் வரும். இப்போது அந்தத் துறையில் எல்லாம் மோட்டார்ப் படகு, எஞ்சின் இரைச்சலில் புட்டு வாசனைகூடக் கேட்காது என்கிறார்கள். வடம் ஒன்று இருந்ததா என்று சின்ன வயசுக்காரர்களைக் கேட்டால் நம்மை ஏற இறங்கப் பார்க்கிறார்கள். பார்க்கட்டும்.

கடலில் ஓர் இடத்தைத் திரும்பக் கண்டுபிடிக்க அங்கே கணியம் என்று ஒரு வழி வைத்திருந்தார்கள். கரையிலிருக்கிற கோயில் கோபுரமும் ஒற்றைப் பனையும் ஒன்றன்பின் ஒன்றாக ஒரே கோட்டில் தெரியவேண்டும். இன்னொரு பக்கம் உப்புக் குவியலும் சுண்ணாம்புக் காளவாசலும் ஒரே கோட்டில் வரவேண்டும். இரண்டு கோடும் முட்டுகிற இடம் அந்த இடம். உபதேசியார் கண்ணுக்கு மேலே கையை வைத்துக்கொண்டு கோட்டைச் சேர்க்கப் பார்த்துக்கொண்டிருந்தார், சேர்வதற்குள் நாங்கள் வள்ளங்களைப் பார்த்துவிட்டோம்.

கரையில்லாத நடுக்கடலில் வள்ளங்கள் வளைந்த வரிசையாக நின்றன. ஒவ்வொன்றும் அதனதன் இடத்தில். ஜெட்டி இருக்கவேண்டிய இடத்தை விட்டுவைத்து, தீவு இருக்கவேண்டிய வெறும் தண்ணீரைச் சுற்றி, துறை மட்டும் தனியாக இருந்தது. பாய்மரத்துக்குப் பாய்மரம் கயிறு கட்டிச் சீலா மீனைக் கீறி உப்புப் போட்டுக் காயவைத்திருந்தார்கள். ஒருவர் தன் வீட்டு வாசல் இருக்கவேண்டிய தண்ணீரைப் பார்த்து உட்கார்ந்து பீடி குடித்துக்கொண்டிருந்தார்.

"ஏலே, எதிர்க்கரைக்குப் போயிருக்கக் கூடாதா?" என்று கத்தினார் உபதேசியார்.

"எதுக்குப் போகணும்? கணியம் சரியா இருக்கு. இடம் இதுதான்!" என்று பீடிக்காரரிடமிருந்து பதில் வந்தது. குரல் கரகரத்தது, உதடுகள் வெடித்திருந்தன. "நீங்கதான் தப்பான இடத்துல இருக்கீக!"

தொபியாஸ்தான் நிறுத்திவைத்தானாம். மற்றவர்கள் திரும்பிவிடலாம் என்றபோது, அவன் தண்ணீரில் குதித்து மூழ்கி, அடியில் அலைந்துகொண்டிருந்த தீவின் வடத்தை மேலே கொண்டுவந்து தன் வள்ளத்தில் கட்டிக்கொண்டு, "கட்டுன கயிறு இங்க இருக்கு. வரும்" என்றானாம். அவன் வாய் திறந்து சொன்னதே அபூர்வம் என்பதால் எல்லோரும் நம்பிவிட்டார்கள். இருந்த தண்ணீரைச் சிரட்டையில் அளந்து குடித்துக்கொண்டு இருந்துவிட்டார்கள்.

கடைசி மணிக்கு எல்லோரும் சரியாக நடந்தோம், ஆடுகள் நடக்கவில்லை. தீவு அரைவட்டம் அடித்துத் திரும்பி, ஜெட்டி ஆழ்கடலைப் பார்க்க, முதுகுப்புறத்து மணல் வள்ளங்களைப் பார்க்க, தலைமாட்டில் காலை நீட்டிப் படுப்பவன் போல அந்த வளைவுக்குள் வந்தது. ஊரே முன்பக்கத்திலிருந்து பின்பக்கத்துக்கு ஓடியது. அந்தத் துறையில் வள்ளம் திரும்பும்போது வீசுகிற கயிற்றை அந்தந்த வீட்டு ஆள்தான் பிடிக்க வேண்டும். வேறு கை பிடித்தால் போனவன் இன்னும் வீடு வந்து சேரவில்லை என்று அர்த்தம். கயிறுகள் பறந்தன, பெண்கள் பிடித்தார்கள், அழுதார்கள், ஏசினார்கள், தண்ணீர்க் குடத்தோடு ஓடினார்கள். தொபியாசின் வள்ளம் மட்டும் அசையவில்லை. அவன் வடத்தின் நுனியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"வீசுடே! காத்து இன்னும் பாயில இருக்கு, கட்டலைன்னா தீவு மறுபடி போயிரும்!" என்று கத்தினார் உபதேசியார்.

"யாருக்கு வீச?" என்றான் தொபியாஸ்.

கரையில் கால் வைக்காதே என்று சொன்னவள் கூட்டத்தின் கடைசியில் நின்றாள். எல்லோரும் அவளைப் பார்க்கவில்லை என்று காட்டிக்கொண்டார்கள். தீவு மெல்ல நழுவத் தொடங்கியது. காலடியில் மணல் நகர்வது எல்லோருக்கும் தெரிந்தது. பொறுக்கமாட்டாமல் குருவையா மச்சான் முன்னால் பாய்ந்தார். "எறியுங்க தம்பி, நான் புடிக்கேன்!"

"நீரு கயித்துப் பக்கமே போகாதீரு!" என்று ஊர் மொத்தமும் ஒரே குரலில் கத்திவிட்டுச் சிரித்தது.

அந்தச் சிரிப்புக்குள் கித்தேரியம்மாள் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தாள். முழங்காலளவு தண்ணீரில் இறங்கினாள். இரண்டு கைகளையும் நீட்டினாள். தொபியாஸ் எழுந்து, வடத்தை அள்ளி, உடம்பை முறுக்கி வீசினான். அவ்வளவு கனமான வடத்தை நெஞ்சோடு அணைத்துப் பிடித்தவள், கரையேறி, மணலோரம் நின்ற ஒரு பனையில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுக் காலை ஊன்றி இழுத்தாள். வள்ளம் அசையவில்லை, அவன் அதை நங்கூரத்தில் நிறுத்தியிருந்தான். தீவுதான் நகர்ந்தது. கோயிலோடும் ஆடுகளோடும் எங்களோடும் இழுபட்டு, சாண் சாணாகப் போய், வள்ளத்தின் முகப்புக்குக் கீழே மணலைக் கொண்டுபோய்ச் சேர்த்தது.

தொபியாஸ் குனிந்து மணலைப் பார்த்தான். "நான் வரல. கரைதான் வந்துச்சு."

"நானும் உன்னக் கூப்பிடல. கயித்தத்தான் இழுத்தேன்." பக்கத்தில் நின்றவளிடமிருந்து குடத்தை வாங்கி நீட்டினாள். அவன் அண்ணாந்து குடித்தான், கழுத்து வழியாக, நெஞ்சு வழியாக வழிய வழியக் குடித்தான். அவள் வழிவதைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

குடித்து முடித்து, ஒரு பெரிய சீலாவைத் தோளில் போட்டுக்கொண்டு அவன் இறங்கினான். பழக்கத்தில் வலது பக்கமாகத் திரும்பி நடக்க ஆரம்பித்தான்.

"அங்க எங்க போற?" என்றாள் கித்தேரியம்மாள். "வீடு இப்ப இந்தப் பக்கம்."